நின்றுபோன செங்குழிய உற்பத்தி: சிடோவுடீன் உட்கொண்ட தோட்டத் தொழிலாளி ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

நுவரெலியா மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்திலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் 41 வயதுப் பெண் ஒருவர், முற்பகல் வேளையில் மலையில் மயங்கி விழுந்து, தோட்டத்து லொறியில் எங்கள் வாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய அடையாளம் வெளிப்படாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

இரண்டு மாதங்களாகவே மலை ஏறும்போது மூச்சு வாங்கியது என்றும், நெஞ்சு படபடத்தது என்றும், கூடை நிறையாததால் பல நாட்கள் அரைப்பேர்தான் (அரைநாட் கூலிதான்) விழுந்தது என்றும் அவர் சொன்னார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 124, குருதி அமுக்கம் 100/50. உதடும் கண்ணிமையின் உட்புறமும் காகிதம்போல் வெளுத்திருந்தன. மஞ்சள் காமாலை இல்லை; ஈரலோ மண்ணீரலோ வீங்கியிருக்கவில்லை; நிணநீர்க் கணுக்கள் தட்டுப்படவில்லை; மலத்தில் குருதி போனதாகவும் தெரியவில்லை. உடல் எடை 38 கிலோகிராம். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 4.1 கிராம். வெண்குழியங்கள் 4600, குருதிச் சிறுதட்டுகள் 2,62,000. இவ்விரண்டும் குறைசொல்ல இடமில்லாதவை.

முதல் நாள் இரவு நான் அவருடைய அட்டையில் எழுதியது 'கடும் இரும்புக் குறைபாட்டுக் குருதிச்சோகை' என்பதாகும். இதை மறைப்பதில் பயனில்லை. மலையகத்தின் வெளிநோயாளர் பிரிவில் 'இரத்தம் குறைவு' என்று வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு இரும்புக் குறைபாடே காரணமாக இருக்கிறது. அதிகமான மாதவிடாய், கொக்கிப்புழு, அடுத்தடுத்த பேறுகாலங்கள், ரொட்டியும் சம்பலும் உண்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி (அதிலுள்ள தனின் உணவின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலுக்கு விடாது) ஆகிய நான்கையும் சொல்லிவிட்டால் விளக்கம் முடிந்துவிட்டதாக நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தின்படியே நானும் எழுதினேன். இதயம் தாங்குமளவுக்கு, முதல் நாள் ஒரு பை, மறுநாள் ஒரு பை என மிக மெதுவாக, சிறுநீர் போக்கும் ஊசியுடன் குருதி ஏற்றப்பட்டது.

இரண்டாம் நாள் காலை, அதே அறிக்கையை மறுபடி பார்த்தபோதுதான் ஒரு எண் உறுத்தியது. செங்குழியத்தின் சராசரிப் பருமனைக் குறிக்கும் எம்.சி.வி. 91 ஃபெம்டோலீற்றர் என்றிருந்தது. 80 முதல் 100 வரை இயல்பு என்பதால், அறிக்கையில் அதன் அருகே எந்தக் குறியும் இடப்பட்டிருக்கவில்லை. ஆனால் இரும்புக் குறைபாட்டினால் ஹீமோகுளோபின் 4 வரை இறங்கியவரின் செங்குழியங்கள் சுருங்கிச் சிறுத்து, எம்.சி.வி. 60ஐ ஒட்டி நிற்க வேண்டும். திடீரெனக் குருதி பெருக்கெடுத்து இழந்தவருக்கு 91 பொருந்தும். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. மேலும், இவ்வளவு குறைந்த ஹீமோகுளோபினுடன் ஒருவர் முந்தைய நாள்வரை மலையில் நின்று கொழுந்து பறித்திருக்கிறார் என்றால், வீழ்ச்சி வாரக்கணக்கில், உடல் பழகிக்கொள்ள அவகாசம் தந்து நிகழ்ந்திருக்க வேண்டும்.

நல்ல வேளையாக, குருதி ஏற்றுமுன் எடுத்த மாதிரியில் மிச்சம் இருந்தது. அதில் இளஞ்செங்குழிய எண்ணிக்கை பார்க்கச் சொன்னேன். வாட்டில் நாங்கள் 'ரெட்டிக்' என்று சுருக்கிச் சொல்லும் இந்தப் பரிசோதனை, எலும்பினுள் குருதிக் குழியங்களை ஆக்கும் என்பு மச்சையிலிருந்து ஓரிரு நாட்களுக்கு முன் வெளிவந்த புதுக் குழியங்கள் எத்தனை என்று சொல்வது. ஆரோக்கியமானவருக்கு 0.5 முதல் 2.5 சதவீதம் வரை இருக்கும். குருதி குறைந்து, மச்சை உயிரோடு இருந்தால், அது இதைவிடப் பல மடங்கு உயர வேண்டும். இவருக்கு 0.1 சதவீதம். அதாவது ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் ஏறத்தாழ 1400 இளங்குழியங்கள். 10,000க்குக் கீழே போனாலே உற்பத்தி நின்றுவிட்டதாகக் கொள்ளலாம். ஆலையில் வேலையே நடக்கவில்லை. அதே மாதிரியில் இரும்பைப் பார்த்தபோது, குருதியில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினின் இரும்பு நிறைவு 88 சதவீதமாகவும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 140ஆகவும் இருந்தன. இரும்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

மூன்றாம் நாள் மருந்து தெரியவந்தது. கட்டிலருகே இருந்த வெற்றிலைச் சுருக்குப்பையில், பாக்குக்கும் சுண்ணாம்பு டப்பாவுக்கும் இடையே, பெயரெழுதாத சிறு பொலித்தீன் உறையில் மாத்திரைகள் இருப்பதைத் தாதியொருவர் கண்டார். அவரும் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "இது என்ன மாத்திரை அக்கா?" என்று மெல்லக் கேட்டபோது, "சத்து மாத்திரை தங்கச்சி" என்றார் நோயாளி. சிறிது நேரம் கழித்து அவரே, "டொக்டர் ஐயாகிட்ட மட்டும் சொல்லுறேன், லயத்து ஆளுங்களுக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லி அழுதார். அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டிருந்தது. குப்பியின் மேலுள்ள எழுத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படித்துவிடக்கூடும் என்பதற்காக, மாதந்தோறும் மாத்திரைகளை உறைக்கு மாற்றிவிட்டுக் குப்பியை அடுப்பில் போட்டுவிடுவாராம்.

அவருடைய சம்மதத்துடன் அவர் செல்லும் பால்வினை நோய்ச் சிகிச்சை நிலையத்துடன் பேசியபோது வரலாறு துலங்கியது. தொடக்கத்தில் டெனோஃபோவிர், லமிவுடீன், எஃபாவிரென்ஸ் ஆகிய எச்.ஐ.வி. மருந்துகள் மூன்றும் தரப்பட்டு, குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, எச்.ஐ.வி. தாக்கும் எதிர்ப்புக் குழியங்களான சி.டி.4இன் எண்ணிக்கை 410. பின்னர் டெனோஃபோவிர் சிறுநீரகத்தைத் தொட்டதால், அது வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினின் 0.8இலிருந்து 1.4க்கு உயர, அம்மருந்து நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாகச் சிடோவுடீன் 300 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, லமிவுடீன் சேர்ந்த கூட்டு மாத்திரையாகக் கொடுக்கப்பட்டது. இது வாட்டில் அனுமதிக்கப்படுவதற்கு 16 வாரங்களுக்கு முன். ஒரு வேளையும் தவறாமல் விழுங்கியதாக அவர் சொன்னதை, எஞ்சிய மாத்திரைகளின் எண்ணிக்கையும் உறுதிப்படுத்தியது.

இனி, எண்கள் எப்படி நம்மை ஏமாற்றின என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நிகழ்வை எழுதுவதற்கு எனக்குள்ள முதன்மையான காரணம் அதுவே. சிடோவுடீன் தொடங்கும்போது அவருடைய ஹீமோகுளோபின் 9.8, எம்.சி.வி. 70, ஃபெரிட்டின் 9. ஐயமில்லாத இரும்புக் குறைபாடு. (1500 மீற்றர் உயரத்தில் வாழ்பவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டுப் பட்டியல் 0.5 கிராமைக் கழிக்கச் சொன்னது; அதன்படி அந்த 9.8உம் உண்மையில் 9.3தான். நம் அறிக்கைகளில் இந்தக் கழிவை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.) இரும்பு மாத்திரையும் கொடுக்கப்பட்டது. 4ஆம் வாரத்தில் ஹீமோகுளோபின் 9.4, எம்.சி.வி. 77. சிறுத்திருந்த குழியங்கள் பருக்கின்றன, ஆகவே இரும்பு வேலை செய்கிறது என்று அது படிக்கப்பட்டது. ஆனால் இரும்பு வேலை செய்திருந்தால் ஹீமோகுளோபினும் கூடவே ஏறியிருக்க வேண்டும். சிடோவுடீன் உட்கொள்வோரில் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே செங்குழியங்கள் பெரிதாகி, எம்.சி.வி. 100ஐத் தாண்டிவிடும், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்பதற்கு அதையே ஒரு சான்றாகச் சிகிச்சை நிலையங்களில் பயன்படுத்துவதும் உண்டு. இவருக்கோ, இரும்புக் குறைபாடு குழியத்தைச் சுருக்க, மருந்து அதைப் பருக்க, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, 'இயல்பு' என்ற பொய்யான நடுவில் வந்து நின்றன.

8ஆம் வாரப் பரிசோதனை நடக்கவில்லை. அந்த மாதம் மழையால் மண்சரிந்து பாதை அடைபட்டதால், இரண்டு மாதத்துக்கான மருந்து ஒன்றாகக் கொடுக்கப்பட்டிருந்தது. 10ஆம் வாரத்தில் தோட்டத்து மருந்தகத்தில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கிடைத்தன. 12ஆம் வாரத்தில் வேறொரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.2, எம்.சி.வி. 86. அங்கே அவர் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லவில்லை, யாரும் வேறு மருந்து உண்டா என்று கேட்டதாகவும் அவர் நினைவில் இல்லை. இரும்பை இரட்டிப்பாக்கி, ஒரு மாதத்தில் வரச் சொல்லி அனுப்பினர். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை, முதல் நாள் இரவு நானும் அதையேதான் எழுதினேன்.

செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழும். உற்பத்தி முழுவதுமாக நின்றால், நாளொன்றுக்கு 120இல் ஒரு பங்கு குழியங்கள் மறையும். வேறு இழப்பு இல்லாவிட்டாலும், 60 நாளில் பாதி போய்விடும். 9.4இலிருந்து 12ஆம் வாரத்தில் 6.2, 16ஆம் வாரத்தில் 4.1 என்ற சரிவை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், சிடோவுடீன் தொடங்கிய ஆறாம் வாரத்தை ஒட்டி அவருடைய மச்சை செங்குழியம் ஆக்குவதை நிறுத்தியிருக்க வேண்டும். எஞ்சியிருந்தவை, மருந்து தொடங்கிய பின் பிறந்த, பருத்த கடைசிக் குழியங்களே. பழைய சிறுத்த குழியங்கள் வயதாகி மறைய மறைய எம்.சி.வி. 77, 86, 91 என ஏறியது அதனாலேயே. மறைந்த குழியங்களின் இரும்பும் வீணாகவில்லை: 38 கிலோ எடையுள்ள உடலில் ஏறத்தாழ இரண்டரை லீற்றர் குருதி, அதில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 5 கிராம் வீதம் குறைந்தால், 400 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட இரும்பு சேமிப்புக்குத் திரும்பும். நாம் கொடுத்த மாத்திரைகள் அதன்மேல் குவிந்தன.

மருந்துதான் காரணம் என்று முடிவுசெய்யுமுன் மற்றவற்றை விலக்க வேண்டியிருந்தது. எச்.ஐ.வி. உள்ளவரில் செங்குழிய உற்பத்தி மட்டும் நின்றால், முதலில் ஐயப்பட வேண்டியது பார்வோவைரசு பி19. அது செங்குழியத் தாய்க்குழியங்களின் மேலுள்ள பி எனும் பதார்த்தத்தைப் பற்றிக்கொண்டு நுழைந்து அவற்றை அழிக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரில் விட்டுப்போகாமல் தங்கும். அதற்கு வழி, மருந்தை நிறுத்துவதன்று, நாளத்தினூடாக இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதாகும். கொழும்புக்கு அனுப்பிய மாதிரியில் அதன் டி.என்.ஏ. இல்லை. பி12, ஃபோலேற்று, தைரொயிட், ஈரல் தொழிற்பாடுகள் இயல்பு. குழியச் சிதைவுக்கான அறிகுறி எதுவும் இல்லை. உடலே தன் செங்குழியங்களைத் தாக்குகிறதா என்று காட்டும் கூம்ப்ஸ் பரிசோதனை எதிர்மறை. மார்புப் படத்தில் தைமசுக் கட்டியோ காசநோயோ இல்லை. மச்சையைத் தொடக்கூடிய இன்னொரு மருந்தான கோட்ரைமொக்சசோல் ஓராண்டுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. சிறுநீரகம் பழுதுபட்டால், செங்குழிய உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயற்றின் குறைந்து குருதிச்சோகை வரும் என்றாலும், அனுமதியின்போது 1.1ஆக இறங்கிவிட்ட கிரியற்றினின், இளஞ்செங்குழியங்களை ஏறத்தாழ இல்லாமலே ஆக்குமளவுக்குப் போதாது.

கண்டியில் செய்த என்பு மச்சைப் பரிசோதனை ஐயத்தைத் தீர்த்தது. மச்சை வற்றியிருக்கவில்லை, வெண்குழிய வரிசையும் சிறுதட்டுகளை ஆக்கும் பெருங்குழியங்களும் நிறைவாக இருந்தன, செங்குழிய வரிசையைச் சேர்ந்தவை மட்டும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பார்வோவைரசுக்கு அடையாளமான இராட்சத முன்குழியங்களும் காணப்படவில்லை.

சிடோவுடீன் 1964இல் அமெரிக்க வேதியியலாளர் ஜெரோம் ஹோர்விற்ஸ் புற்றுநோய்க்கென்று ஆக்கிய பொருள். அந்த நோக்கத்துக்கு உதவாமல் கிடப்பில் கிடந்து, 1987இல் எச்.ஐ.வி.க்கு எதிரான முதல் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமிடீனின் வேடத்தை அது பூணுகிறது. ஆனால் அடுத்த எழுத்தைக் கோப்பதற்கான கொக்கி அதில் இல்லை. வைரசின் நொதியம் அதைச் சங்கிலியில் சேர்த்தவுடன் சங்கிலி அங்கேயே முடிகிறது. மனித உயிரணுக் கருவின் நொதியங்கள் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. ஆயினும் உயிரணுவுக்கு ஆற்றல் தரும் உறுப்பான இழைமணியின் டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியம் ஓரளவுக்கு ஏமாறுகிறது. அதைவிட, உடலுக்குள் சிடோவுடீன் மூன்று பொஸ்பேற்றுகளை ஒவ்வொன்றாகப் பெற வேண்டியிருக்க, இரண்டாவதைச் சேர்க்கும் நொதியம் மிக மெதுவாக இயங்குவதால், ஒற்றைப் பொஸ்பேற்று வடிவம் குழியத்துக்குள் தேங்கி நின்று, உண்மையான தைமிடீன் செல்ல வேண்டிய வழியையும் அடைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி செங்குழியங்களை ஆக்கவேண்டிய மச்சைக்கு, எழுத்துத் தட்டுப்பாடு உடனே உறைக்கும்.

முதல் மருந்தாய்விலேயே இந்த நச்சு வெளிப்பட்டது. 282 பேர் பங்கேற்ற, 1987இல் வெளியான அந்த ஆய்வில், சிடோவுடீன் பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கு ஹீமோகுளோபின் 7.5க்குக் கீழே இறங்கியது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 4 சதவீதத்தினருக்கே அவ்வாறானது. அன்று கொடுக்கப்பட்ட அளவு நாளுக்கு 1500 மில்லிகிராம். இன்று 600. ஆகவே இது பழைய கதை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எடையைக் கணக்கில் சேர்த்தால் படம் மாறுகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 1500 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 21. 600 என்பது கிலோவுக்கு 8.6. எங்கள் நோயாளியின் 38 கிலோவுக்கு அதே 600 மில்லிகிராம், கிலோவுக்கு ஏறத்தாழ 16. பெண்ணாயிருத்தல், குறைந்த எடை, தொடக்கத்திலேயே குறைந்த ஹீமோகுளோபின் ஆகிய மூன்றும் இந்தப் பக்கவிளைவுக்கு வழிகோலுபவை என அறியப்பட்டவை. தோட்டப்புறத்துப் பெண்களில் இம்மூன்றும் ஒருவரிடமே கூடியிருப்பது அரிதன்று.

சிறுநீரகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிரியற்றினின் 1.4ஆக இருந்தபோது, ஆய்வுகூடத்துக் கணினி, சிறுநீரகம் வடிகட்டும் வீதத்தை நிமிடத்துக்கு 48 மில்லிலீற்றர் என்று மதிப்பிட்டிருந்தது. அது சராசரி உடற்பரப்புள்ள ஒருவருக்குச் சரிசெய்யப்பட்ட எண். எடையைச் சேர்த்துக் கணிக்கும் பழைய கொக்ரொஃப்ற்-கோல்ற் சூத்திரத்தின்படி அது 32 மட்டுமே. சிடோவுடீன்-லமிவுடீன் கூட்டு மாத்திரைக்கு, மருந்து விவரத்தாள் நெடுங்காலம் 50ஐ எல்லையாக வைத்திருந்தது. சிடோவுடீனின் பெரும்பகுதியை மாற்றுவது ஈரல் என்பதால், சிறுநீரகக் குறைவு மட்டுமே இதை விளைவித்தது என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் லமிவுடீனைத் தனியே பிரித்து அளவு குறைத்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் சிடோவுடீன் நிறுத்தப்பட்டது. எதைத் தொடர்வது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. லமிவுடீனும், மிக அரிதாக, தனித்தே செங்குழிய உற்பத்தியை நிறுத்தியதாகப் பதிவுகள் உண்டு. இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் குற்றவாளி யாரென்று தெரியாமற் போகும். அதைவிட, வைரசு மீண்டும் தலைதூக்கும். மூன்றாண்டுகளாக லமிவுடீனை அவர் தீங்கின்றி உட்கொண்டிருக்கிறார் என்ற ஒரே வாதத்தின் பேரில் அதை நாளுக்கு 150 மில்லிகிராமாகக் குறைத்துத் தொடர்ந்தோம். எஃபாவிரென்சுக்குப் பதிலாக டொலூட்டிகிராவிர் சேர்க்கப்பட்டது. ஈரலழற்சி பி தொற்று இல்லை என்பது முன்னதாக உறுதிசெய்யப்பட்டது. டொலூட்டிகிராவிர் இரும்புடன் பிணைந்து குடலில் உறிஞ்சப்படாமல் போகும் என்பதால், இரும்பு மாத்திரைகள் முற்றாக நிறுத்தப்பட்டன. அப்போது அவருக்கு அவை தேவைப்படவும் இல்லை.

நிறுத்திய ஏழாம் நாள் இளஞ்செங்குழியம் 0.3 சதவீதம். பத்தாம் நாளிலும் பெரிய மாற்றமில்லாதபோது, லமிவுடீனையும் நிறுத்திவிடலாமோ என்று நானே தடுமாறினேன். பதினான்காம் நாள் 4.2, இருபத்தோராம் நாள் 6.8. மேலும் குருதி ஏற்றத் தேவைப்படவில்லை. இரண்டு பைகளுக்குப் பின் 7.0ஆக இருந்த ஹீமோகுளோபின், நிறுத்திய நான்காம் வாரத்தில் 8.6, பத்தாம் வாரத்தில் 11.4. மருந்தை மறுபடி கொடுத்துச் சோதிக்கவில்லை, அதற்கு நியாயமுமில்லை. ஆகவே காரணத் தொடர்பை அளவிடும் நரஞ்சோ மதிப்பீட்டில் இது 'உறுதி' என்ற படிக்கு ஏறாமல், 'பெரிதும் நிகழக்கூடியது' என்ற படியிலேயே நிற்கிறது.

வைரசு எதிர்ப்பு மருந்து எல்லாம் ஒரே வழியில் குருதியைக் குறைப்பதாகக் கருதிவிடக் கூடாது. ஈரலழற்சி சி நோய்க்குப் பயன்பட்ட ரிபாவிரின், ஆக்கிய குழியத்தை உடைப்பது: செங்குழியத்துக்குள் பொஸ்பேற்று ஏறிய ரிபாவிரினை வெளியேற்ற வழியில்லாமல் அது தேங்கி, குழியத்தின் ஆற்றற் சேமிப்பைக் குடித்துவிடும். அங்கே இளஞ்செங்குழியம் பொதுவாக உயரும், குழியம் உடைவதால் வரும் மஞ்சள் நிறமியான பிலிருபினும் உயரும். கான்சைக்ளோவிர் பெரும்பாலும் வெண்குழியத்தையும் சிறுதட்டையுமே முதலில் தொடும். இந்த மூன்றையும் பிரித்துக் காட்ட விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் தகடு, ஒரு துளி நீலச் சாயம், எண்ணத் தெரிந்த ஓர் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் போதும். 12ஆம் வாரத்தில் இளஞ்செங்குழிய எண்ணிக்கை பார்க்கப்பட்டிருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

வீடு செல்லும்போது ஒரு சிக்கல் எஞ்சியது. மருந்து ஒவ்வாமை உள்ளவருக்கு நாங்கள் ஓர் அட்டை எழுதிக் கொடுப்பது வழக்கம். 'சிடோவுடீன் கொடுக்கலாகாது' என்று எழுதினால், மருந்து தெரிந்த எவரும் நோயையும் தெரிந்துகொள்வார். எழுதாவிட்டால், இன்னொரு மாவட்டத்தில், இன்னொரு வாட்டில், என்னைப் போன்ற ஒருவர் மறுபடி இரும்பு எழுதுவார். அவரிடமே கேட்டோம். "படிக்கத் தெரிஞ்சவங்களுக்குப் புரியாத மாதிரி எழுதுங்க ஐயா" என்றார். சிங்களத்திலும் தமிழிலும், 'என்பு மச்சையின் செங்குழிய உற்பத்தியைக் கடுமையாகப் பாதித்த மருந்தொன்று உண்டு. புதிய மருந்து எழுதுமுன் இந்த இலக்கத்துக்கு அழைக்கவும்' என்று எழுதி, சிகிச்சை நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தை மட்டும், நிலையத்தின் பெயரின்றி, கீழே இட்டோம். ஆறு மாதம் கழித்து வந்தபோது ஹீமோகுளோபின் 11.9, எம்.சி.வி. 84, இளஞ்செங்குழியம் 1.2 சதவீதம், வைரசு கண்டறிய முடியாத அளவில். அட்டை வெற்றிலைப் பையில், மடிந்து, சுண்ணாம்புக் கறையுடன் இருந்தது. எழுத்து அழிந்துகொண்டிருந்ததால் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தோம்.